வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்து ஒரு காட்டுப் பயணம்

தர்மபுரிக்காரர்களுக்கு ஒகேனக்கல் என்பது வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போகும் இடம். காலையில் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் சாப்பிட்டு, சாயங்காலம் அதே பென்னாகரம் ரோட்டில் திரும்பிவிடுவோம். அருவியைத் தாண்டி அஞ்செட்டி வழியாக ஒரு ரோடு காட்டுக்குள் ஏறித் தேன்கனிக்கோட்டைக்குப் போகிறது, அதில் பஸ்ஸும் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்தக் காரில் அந்தப் பக்கம் போய் வந்தவர்கள்தான் எங்கள் தெருவில் யாரும் இல்லை. பொங்கலுக்கு முன்னால் கிடைத்த விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் அந்த ரோட்டைப் பிடித்தோம். தர்மபுரி, பென்னாகரம், ஒகேனக்கல், நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி. அங்கிருந்து கர்நாடக எல்லை தாண்டி பன்னேருகட்டா தேசியப் பூங்கா. பிறகு ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வீடு. பழைய வேகன்ஆர் கார், ஓட்டத் தெரிந்த இரண்டு பேர், அவ்வளவுதான்.

இந்த வட்டத்தை போனில் போட்டுப் பார்த்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் போலத்தான் காட்டும். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். இந்தப் பக்கத்தில் கணக்குப் பார்க்க வேண்டியது பகல் வெளிச்சத்தை. எந்தக் காட்டை எத்தனை மணிக்குள் தாண்டியாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே தங்குவது என்று பார்க்க வேண்டும். மாலை நாலரைக்கு மேல் வண்டி காப்புக்காட்டுக்குள் இருக்கக் கூடாது என்று நாங்கள் வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டோம். மற்ற எல்லா முடிவும் அதிலிருந்துதான் வந்தது.

காரணம் யானை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கும் மேலகிரி மலைக் காடுகளில் 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் அதற்குத் தெற்கே இன்னும் 686 சதுர கிலோமீட்டரைச் சேர்த்துக் காவிரி தெற்குச் சரணாலயம் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம். வடக்கே ஜவளகிரி, தளி காடுகளை ஒட்டி 1974-ல் அறிவிக்கப்பட்ட பன்னேருகட்டா தேசியப் பூங்கா. வரைபடத்தில் இது நாலு பெயர், நாலு நிறம். யானைக்கு எல்லாம் ஒரே காடு. மழைக்காலம் முடிந்து ராகி பால் பிடிக்கும் நேரத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரைக்கும் வரும். நாம் போகும் ரோடு அவற்றின் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பகலில் காட்டுக்குள் நிற்பவை பொழுது சாய்ந்தால் ஏரிக்கும் வயலுக்கும் கிளம்பும். நம் ஆட்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்கும் நேரமும் அதுதான்.

ஒகேனக்கல்லில் இரவு தங்குவதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். "நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்ல இருக்கிற ஊருக்கு ரூம் போடறதா? சொன்னா சிரிப்பாங்க" என்றார் இவர். அருவி பார்த்து, பரிசலில் போய், சாப்பிட்டு முடிக்கவே மூன்று மணி ஆகிவிடும், அதற்கு மேல் அஞ்செட்டி ரோட்டில் ஏறினால் நடுக்காட்டில் இருட்டும் என்று நேரத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டுப் பேசாமல் ரூம் போட்டார். இந்த வட்டத்தைச் சுற்ற நினைப்பவர்கள் ஒகேனக்கல்லில் தங்கிவிடுங்கள். அரசின் தமிழ்நாடு ஹோட்டல் இருக்கிறது, தனியார் விடுதிகளும் உண்டு. எங்கே தங்கினாலும் இரண்டு பேருடைய ஆதாரும் கேட்பார்கள், நகல் எடுத்து வைத்துக்கொண்டால் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

பென்னாகரத்தில் டேங்கை நிரப்பிவிடுங்கள். டயர் காற்று, ஸ்டெப்னியின் காற்று இரண்டையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஸ்டெப்னியை மாற்றத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது. கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு நான் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகினேன். எதிர் வீட்டு அக்கா, "ஏன்மா, மெக்கானிக் ஷெட் வைக்கப் போறியா?" என்று கேட்டதோடு சரி.

பென்னாகரம் தாண்டியதும் ஒகேனக்கல்லுக்கு இறக்கம். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று லாரி ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். இரண்டாவது கியரில் விட்டுவிட்டால் வண்டி தானே அடங்கி இறங்கும், வளைவுக்கு முன்னால் லேசாக பிரேக்கைத் தொட்டால் போதும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆரம்பித்தால் பிரேக் சூடேறி, அவசரத்துக்குப் பிடிக்காமல் போய்விடும். வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். யாரோ வாழைப்பழம் வீசிப் பழக்கிவிட்டதால் கண்ணாடி இறங்கியிருக்கும் வண்டியைக் கண்டால் ஓடி வருகின்றன.

ஒகேனக்கல்லுக்குக் கிளம்பும் முன்பு அன்றைய பேப்பரில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பாருங்கள். மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் கணக்கு அது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி காவிரித் தண்ணீர் விட வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்தத் தண்ணீரை அளப்பதும் அங்கேதான். நாடு முழுக்கப் பெயர் அடிபடும் அந்த இடம் நேரில் ஒரு சின்னக் காட்டோர ஊர். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்தால் இங்கே குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். ஜூலை, ஆகஸ்டில் இது அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில் போனால் செந்நிறத்தில் பொங்கி ஓடும் ஆற்றைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வரலாம், அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான். பரிசல் ஆசை இருந்தால் மட்டும் வேறு மாதம் பாருங்கள்.

நாங்கள் போனபோது தண்ணீர் தெளிந்து அடங்கியிருந்தது. பரிசல் துறையில் இரண்டு பேர் புதுப் பரிசல் பின்னிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூடை போலப் பின்னி, விளிம்பைக் கட்டி, வெளியே சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசுகிறார்கள். அந்தக் காலத்தில் மாட்டுத்தோல் போர்த்துவார்களாம். வேலை முடிந்த பரிசலை ஒருவர் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னாலிருந்து பார்த்தால் கால் முளைத்த ஆமைதான். எங்கள் பரிசல்காரர் நடு வயதுக்காரர், அதிகம் பேசவில்லை. பாறைச் சுவர்களுக்கு நடுவே கொண்டுபோய், துடுப்பை ஒரு பக்கமாக அழுத்திப் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றினார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட்டின் பட்டையைக் கட்டாமல் சும்மா மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறவர்களைப் பார்த்தேன். கட்டாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் தலை வழியே கழன்றுவிடும். ஏறும் முன்பே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், என்ன கட்டணம் என்று பேசி முடித்துவிடுங்கள், நடு ஆற்றில் பேரம் பேச முடியாது.

மீனுக்கும் அதே விதி. மீன் விலை தனி, சமைக்கும் கூலி தனி. மீனை நாமே பார்த்து வாங்கி அங்கே சமைக்கும் அக்காக்களிடம் கொடுத்தால், நம் கண் எதிரே கழுவி, மிளகாய்த்தூளும் உப்பும் புளித்தண்ணியும் சேர்த்துப் பிசறி விறகடுப்பில் வறுத்துத் தருவார்கள். கெண்டை மீனாக இருந்தால் முள்ளைப் பார்த்துச் சாப்பிடுங்கள். இவர் எண்ணெய் மசாஜும் செய்துகொண்டார். முதுகில் தட்டுகிற சத்தம் நான் உட்கார்ந்திருந்த பாறை வரைக்கும் கேட்டது. அருவியில் குளிப்பது அனுமதித்த இடத்தில் மட்டும். இந்த ஆற்றில் முதலை உண்டு, ஒகேனக்கல்லிலேயே முதலைகளுக்கு மறுவாழ்வு மையம் வைத்திருக்கிறார்கள். அமைதியாகத் தெரிகிறதே என்று ஒதுக்குப்புறமான மடுவில் கால் வைக்காதீர்கள்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு, வெயில் நன்றாக ஏறிய பிறகு அஞ்செட்டி ரோட்டில் கிளம்பினோம். விடிகாலையில் கிளம்பினால்தான் மிருகம் பார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். சொந்த வண்டியில் தனியாகப் போகிறவர்களுக்கு அந்த ஆசை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ராத்திரி வெளியே வந்த யானைகள் காட்டுக்குள் திரும்பும் நேரம் அது. நன்றாக வெளுத்த பிறகு போனால் வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தூரத்திலேயே தெரியும்.

ஆற்றோரத்தில் பெரிய பெரிய நீர்மருது மரங்கள், மேலே ஏற ஏற மூங்கில், புளி, அப்புறம் இலை உதிர்க்கும் வறண்ட காடு. காவிரிக்கரை மரங்களில் சாம்பல் நிறப் பெரிய அணில் இருக்கிறது, ஆற்றில் நீர்நாய் இருக்கிறது என்று படித்திருந்ததால் நான் அண்ணாந்துகொண்டே வந்தேன். கழுத்து வலிதான் மிச்சம். போன் சிக்னல் கொஞ்ச தூரத்தில் போய்விடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்ததால் பரவாயில்லை. கையில் ரொக்கமும் இருக்கட்டும், சிக்னல் இல்லாத கடையில் க்யூஆர் அட்டை சும்மா தொங்கும்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு ஒரு ஏற்பாடு சொல்கிறேன், எங்களுக்கு நன்றாக உதவியது. வேகம் ஓட்டுகிறவர் கையில், நிறுத்தம் பக்கத்தில் இருப்பவர் கையில். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஊர் வரும் வரை நிறுத்த மாட்டார். எனக்கு நாலு மரத்துக்கு ஒரு தரம் இறங்க வேண்டும். ஓட்டுகிறவர் "எதுக்கு இப்ப?" என்று கேட்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் "மெதுவா, மெதுவா" என்று சொல்லக் கூடாது. அஞ்செட்டியில் இடம் மாற்றிக்கொண்டோம். காட்டுக்குள் சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு இறங்கிப்போகவும் வழி கிடையாது என்பதால் இரண்டு பேரும் ஒழுங்காகவே நடந்துகொண்டோம். காப்புக்காட்டுக்குள் நிறுத்தம் கிடையாது என்பது மட்டும் பொது விதி. இறங்குவது, போட்டோ எடுப்பது, காலாற நடப்பது எல்லாம் ஊர் வந்த பிறகுதான். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும்.

பெண்கள் யோசிக்க வேண்டியது கழிப்பறை. காட்டு ரோட்டில் ஒன்றும் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் பலர், தலைவலியோடுதான் போய்ச் சேருவார்கள். விடுதியை விட்டுக் கிளம்பும்போது ஒரு முறை, ஊருக்குள் வந்ததும் ஹோட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ ஒரு முறை என்று திட்டம் போட்டுக்கொண்டு தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள்.

அஞ்செட்டிக்குப் பிறகு ஊர்ப் பக்கங்களில் ரோட்டிலேயே ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் பரப்பியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி ஏறித் தானியம் உதிர்ந்துவிடும், களத்து வேலை மிச்சம். நம் மாவட்டத்தில் பார்த்துப் பழகியதுதான் என்றாலும் காரில் போகும்போது கவனம் வேண்டும். ராகித் தாள் மேல் திடீரென பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும், பைக் என்றால் கேட்கவே வேண்டாம். கொள்ளு இன்னும் மோசம். அதன் கொடி ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் சூட்டில் காய்ந்த கொடி பற்றிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இடம் இருந்தால் ஓரமாக விலகிப் போய்விடுங்கள். வழியில்லாமல் மேலே ஏறிப் போனால் அடுத்த கடையில் வண்டியை நிறுத்திக் குனிந்து பாருங்கள். நான் பார்த்தபோது முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கைப்பிடிக் கொடி முறுக்கிக் கிடந்தது. டீக்கடை அண்ணன் ஒரு அரிவாளைக் கொடுத்தார். அறுத்து இழுத்ததில் மடியில் நாலு கொள்ளு உதிர்ந்தது.

தேன்கனிக்கோட்டையில் மத்தியானம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே மேஜையில் கலந்து ஓடியது. சாப்பிட்டுவிட்டு அய்யூர்க் காட்டுப் பக்கம் போய்வரலாம் என்று கிளம்பினோம். வழியில் வனத்துறைக் காவலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். கூட ஒரு விவசாயி, தோளில் டார்ச், பையில் பட்டாசு. "நேத்து ராத்திரி வந்த கூட்டம் உள்ளேயேதான் நிக்குது சார். குட்டி இருக்குது. பொழுது சாய்ஞ்சா ரோட்டுக்கு வந்துடும், திரும்பிடுங்க" என்றார் காவலர். ரோட்டோரம் கிடந்த யானைச் சாணத்தை, லத்தி என்பார்கள், குச்சியால் கிளறிக் காட்டினார். மேலே காய்ந்து நார் நாராக இருந்தது, உள்ளே ஈரம். அந்த நாருக்குள் செரிக்காத ராகி உமி தெளிவாகத் தெரிந்தது. "ஒரு ராத்திரியில அரை ஏக்கர்மா" என்றார் விவசாயி. குரலில் கோபம்கூட இல்லை. பரண் மேல் உட்கார்ந்து அவர் எத்தனை ராத்திரி விழித்திருப்பார் என்று தெரியவில்லை. ரோட்டில் யானையைப் பார்த்தால் ஹாரன் அடிக்காதீர்கள், ஹெட்லைட்டைச் சிமிட்டாதீர்கள், இறங்காதீர்கள், எஞ்சினை அணைக்காமல் தூரத்திலேயே நின்று, நெருங்கினால் ரிவர்ஸ் எடுங்கள், குட்டி இருந்தால் இன்னும் தூரம் விடுங்கள் என்று காவலர் சொல்லி அனுப்பினார். அப்படியே வண்டியைத் திருப்பினோம். இவருக்குத்தான் மனசே இல்லை.

மறுநாள் தளி. ஓசூர்ப் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதால் காலையில் நல்ல பனி. தளியைக் குட்டி இங்கிலாந்து என்று அந்தக் காலத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது போனால் பாதிக்குப் பாதி ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள்தான் கண்ணில் படும். அங்கிருந்து ஆனேக்கல் வழியாக பன்னேருகட்டா. கர்நாடகத்துக்குள் போகச் சொந்தக் காருக்குத் தனியாகப் பர்மிட் வேண்டாம், வாடகைக் கார் என்றால் டிரைவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காவின் காட்டுக்குள் நாம் நினைத்தபடி ஓட்ட முடியாது. மக்கள் பார்ப்பது அதன் ஓரத்தில் இருக்கும் உயிரியல் பூங்காவை. செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை, அது தெரியாமல் வந்து கேட்டில் நிற்கும் குடும்பங்கள் உண்டு. சஃபாரி பஸ்ஸில் சிங்கம், புலி, கரடி எல்லாம் வரிசையாக வந்தன. குழந்தைகள் இருந்தால் கொண்டாட்டம்தான். எனக்கு அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காதான் பிடித்தது. அந்தப் பயணத்தில் நாங்கள் யானையைக் கண்ணால் பார்த்ததும் இங்கேதான், வேலிக்கு அந்தப் பக்கம். அய்யூர் ரோட்டில் பார்த்த லத்திதான் யானைக்கு அதிகக் கிட்டத்தில் போனது என்றார் இவர். சரியாகத்தான் சொன்னார்.

திரும்பும் வழிக்கு ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு ரோடு. ராயக்கோட்டை மலைக்கோட்டையை விட்டுவிடாதீர்கள். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல், திப்புவின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. ஏற்றம் செங்குத்து, மேலே நிழல் கிடையாது, கடையும் கிடையாது. காலையிலோ நாலு மணிக்கு முன்போ ஏறி இறங்கிவிட வேண்டும், தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. பாலக்கோடு பக்கம் தக்காளி மலிவாகக் கிடைத்தால் ஒரு கூடை வாங்கலாம், ஆனால் வண்டியில் கடைசியாக ஏற்றுங்கள். எங்கள் கூடை மேல் பை விழுந்து இரண்டு நாள் தொக்குதான்.

மாம்பழ சீசனில் போகிறவர்கள், மே, ஜூனில், ராயக்கோட்டை வழியை விட்டு ஓசூரிலிருந்து சூளகிரி, கிருஷ்ணகிரி என்று தேசிய நெடுஞ்சாலையில் வரலாம். ரோட்டோரக் கடைகளில் பழம் வாங்கிக்கொண்டு, கிருஷ்ணகிரி அணையில் கொஞ்ச நேரம் உட்காரலாம். கோடையில் காடு காய்ந்து தீ பயம் இருப்பதால் அஞ்செட்டிப் பக்கம் போகும் முன்பு வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அகலமான நெடுஞ்சாலைதானே என்று அங்கேயும் அலட்சியம் வேண்டாம். ஓசூரை விட்டதும் பேரண்டப்பள்ளி, சானமாவு பக்கத்தில் யானைக் கூட்டம் லாரிகளுக்கு நடுவே அந்த ரோட்டையே தாண்டுகிறது. ஆகவே ஓசூரில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காராமல், வெயில் இருக்கும்போதே சூளகிரியைத் தாண்டிவிட்டு அங்கே சாப்பிடுங்கள்.